வெள்ளிக்கிழமைப் பொட்டலம்

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கதவைத் திறக்கிறவர்கள் குமிழைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திறக்க வேண்டும். அவசரமாகத் திறந்தால் மீன் காலில் விழும். துறைமுக டாக்கில் மீன் அறுக்கிற ஷெட்டுகளில் வேலை செய்கிற யாரும் வாரக் கடைசியில் வெறுங்கையோடு வீடு திரும்பியதில்லை. வெள்ளைத் தாளில் சுற்றி, பையில் போட்டு, ஒரு பொட்டலம் தன் வீட்டுக்கு, ஒரு பொட்டலம் பக்கத்து வீட்டுக் கதவுக் குமிழுக்கு. முதலாளிக்குத் தெரியும்; தெரியாத மாதிரி வேறு பக்கம் பார்ப்பார். அவருடைய அப்பாவும் அதே பக்கம்தான் பார்த்தார். பொட்டலத்தை மாட்டியவன் ஜன்னலில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். நின்று நன்றியை வாங்கிக்கொண்டு போகிறவன் வெளியூர்க்காரன் என்று அர்த்தம்.

என் வீட்டு முன் ஜன்னலில் உட்கார்ந்தால் எதிரே மேவிஸ் வீட்டுக் கதவும், அதை ஒட்டி அவளுடைய இரண்டாவது வீட்டுக் கதவும் ஒரே பார்வையில் விழும். வேண்டுமென்றே அங்கே நாற்காலி போட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் வெளிச்சம் வருவது அந்த ஜன்னலில்தான்.

இரண்டாவது வீடு என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. மேவிஸின் புருஷன் க்ளிஃப் மீன்பிடி ட்ராலரில் ஐஸ்லாந்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தவன். நானும் அவனும் ஒரே பள்ளி. வெளிநாட்டுப் படகுகள் வரக் கூடாது என்று ஐஸ்லாந்துக்காரர்கள் அந்தக் கடலை அடைத்தபோது இங்கே எல்லாருக்கும் வேலை போயிற்று. கால் நூற்றாண்டு கழித்து அரசாங்கத்துக்கு ஞாபகம் வந்து நஷ்டஈடு கொடுத்தது. அதற்குள் பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடு இருந்தவர்களில் சிலர் ஸ்பெயினுக்குப் போய்த் தோல் உரியும் அளவுக்கு வெயிலில் கிடந்துவிட்டு வந்தார்கள். க்ளிஃப் பக்கத்து வீட்டை வாங்கினான். அப்போது எங்கள் ஊரில் ஒரு நல்ல காரின் விலைக்கு வீடு கிடைத்தது. கார் ஒழுகாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கூரைக்காக பாங்கில் கடன் வாங்கினான். ஹம்பர் ஆற்று முகத்துவாரத்திலிருந்து வருகிற கிழக்குக் காற்றில் ஏணி மேல் நின்று ஒரு கோடை முழுக்கத் தானே ஓடு மாற்றினான். மேவிஸ் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷம் மீன் அறுத்த கை, விரலெல்லாம் முடிச்சு. அந்தக் கையில் ஏணி அசையவில்லை.

வீட்டை இரண்டாகத் தடுத்து, கீழே ஆல்ஃப் ட்ரூரியைக் குடிவைத்தார்கள். மனைவியை இழந்த கிழவர். காது பாதி கேட்காது. ஒரு பச்சைக் கிளி வைத்திருந்தார், அதற்கு முழுசாகக் கேட்கும். மாடியில் லோரெய்ன். இரண்டு பேருக்கும் வாடகை கட்ட வசதியில்லை என்பதால் நகர கவுன்சில் வாடகை உதவி கொடுத்தது. அந்தப் பணம் நேராக வீட்டுக்காரர்கள் கணக்குக்கே வந்துவிடும். வாடகை கேட்டு யார் வீட்டுப் படியும் ஏற வேண்டாம், யார் மூஞ்சியும் சுருங்க வேண்டாம் என்று மேவிஸுக்கு அதில் பெரிய நிம்மதி.

லோரெய்ன் வேற்று ஆள் இல்லை. அவளுடைய அம்மா பாலீன், மேவிஸோடு ஒரே மேசையில் எதிரெதிரே நின்று மீன் அறுத்தவள். ஜனவரி மாதத்தில் ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டுவிட்டு, விரல் மரத்தால் ஒருத்தி கையை ஒருத்தி அக்குளில் வைத்துச் சூடு காட்டுவார்களாம். பாலீன் புற்றுநோயில் போனபோது லோரெய்னுக்கு இருபது வயசு. கைக்குழந்தையோடு ஒருத்தனிடம் ஏமாந்து நின்றவளை மேவிஸ்தான் மாடிக்குக் கூட்டிவந்தாள். "மேவிஸ் அத்தை, மேவிஸ் அத்தை" என்று அந்தப் பெண் மாடிப்படியிலிருந்து கூப்பிடுகிற சத்தம் என் வீடு வரைக்கும் கேட்கும்.

அப்புறம் கிரெய்க் வந்தான்.

அவன் வந்ததை யாரும் அறிவிக்கவில்லை. பின்பக்கப் படியில் ஒரு ஜோடி வெள்ளை ரப்பர் பூட்ஸ் தலைகீழாகக் காய்ந்தது, அவ்வளவுதான். முதலில் வாரத்தில் ஒருநாள் காய்ந்தது. அப்புறம் தினமும் காய்ந்தது. எங்கள் சந்தில் குப்பை போடப் போகிற எல்லாரும் அதைப் பார்த்தோம். தனியாக இருக்கிற தாய் என்று சொல்லித்தான் லோரெய்ன் வாடகை உதவி வாங்கினாள். சம்பாதிக்கிற ஆண் வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த உதவி குறையும், இல்லை நின்றே போகும். இதுவும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது? பூட்ஸைத் தாண்டிக்கொண்டு குப்பையைப் போட்டோம்.

கிரெய்க் தங்கமான கை. மீன் அறுப்பதில்தான் சொல்கிறேன். மற்ற விஷயத்தில் பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை சொல்வான். வந்த முதல் வெள்ளிக்கிழமையே மேவிஸ் வீட்டுக் குமிழில் பொட்டலம் தொங்கியது. ஜன்னலில் இரண்டு தட்டு. மேவிஸ் அதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தெருவைக் கடந்து என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"பாரு வினி. ஹேடக். தோலு எடுத்திருக்கான், சதை ஒரு நூல் கூடப் பிசிறலை. நடுமுள்ளு வழியா விரலை ஓட்டிப் பாரு."

"ஓட்டிட்டேன்."

"ஏதாவது குத்துச்சா?"

"இல்ல."

"பாலீன் இருந்திருந்தா இவனைத்தான் மருமகனாக் கேட்டிருப்பா," என்றாள்.

அன்றைக்கு மாட்டுக் கொழுப்பில் பொரித்து, பட்டாணி மசித்து, ரொட்டியில் வெண்ணெய் தடவி, நாங்கள் மூன்று பேரும் அவள் அடுக்களையில் சாப்பிட்டோம். க்ளிஃப் வினிகரைத் தேடினான். "இந்த மீனுக்கு வினிகர் கேக்கறவன் மனுஷனா?" என்று மேவிஸ் பாட்டிலை எடுத்து ஒளித்துவைத்தாள். இப்படி இரண்டு வருஷம் போயிற்று.

கவுன்சில் கடிதம் வந்த அன்று மழை. மேவிஸ் குடைகூடப் பிடிக்காமல் ஓடிவந்தாள். மாடி வீட்டுக்கு இத்தனை நாளாகக் கொடுத்த வாடகை உதவிக்கு, சம்பாதிக்கிற ஆள் அங்கே குடியிருந்ததால் தகுதி இல்லை, பணம் உங்கள் கைக்கு வந்ததால் அதை உங்களிடமிருந்தே திரும்பப் பெறுகிறோம் என்று எழுதியிருந்தது. தொகையைப் பார்த்துவிட்டு நான் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன்.

"யாரோ போட்டுக் கொடுத்திருக்காங்க," என்றாள் மேவிஸ்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். தெருவே அந்த வாரம் என்னைத்தான் பார்த்தது. ரொட்டிக்கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஜன்னலில் உட்காருகிறவளுக்கு இது சகஜம். ஆனால் போட்டுக் கொடுத்தது கிரெய்க். புது ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது, சம்பளச் சீட்டு தபாலில் வரட்டும் என்று இந்த வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறான். எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் அந்த முகவரியையும் லோரெய்ன் முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறது. அதற்கு நாற்காலிகூடத் தேவைப்படவில்லை.

இலவச ஆலோசனை மையத்துக்கு மேவிஸோடு நானும் போனேன். அவளுக்கு யாராவது துணை வேண்டாமா? தாடி வைத்த ஒரு ஆள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"இதுல ஒரே கேள்விதாங்க. அந்த ஆளு அங்க குடியிருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னா, மறைச்சது லோரெய்ன், அவங்கதான் கட்டணும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்கன்னா, உங்ககிட்ட பிடிப்பாங்க."

"சொல்றதுன்னா யார்கிட்ட?"

"கவுன்சிலுக்கு எழுதிப் போட்டிருக்கணும். மாடியில ஒரு ஆளு வந்திருக்கான், கொஞ்சம் விசாரிங்கன்னு ரெண்டு வரி. எழுதியிருந்தா உங்களைத் தொடவே மாட்டாங்க."

மேவிஸ் அவரை, அடுக்களையில் செருப்போடு நுழைந்த ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"பாலீன் பொண்ணைப் பத்தி நான் கவுன்சிலுக்கு எழுதறதா?"

அவருக்குப் புரிந்திருக்காது. எங்கள் தெருவில் முன்பு ஒரு குடும்பம் இருந்தது. ஜன்னல் துடைத்துச் சம்பாதித்துக்கொண்டே வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தருகிற பணத்தையும் வாங்கின ஒருத்தனைப் பற்றி மேலே எழுதிப்போட்டது. யாரும் அவர்களோடு சண்டை போடவில்லை. அவர்கள் வீட்டுக் கதவுக் குமிழில் அப்புறம் மீன் தொங்கவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் வீட்டை விற்றுவிட்டு லீட்ஸ் பக்கம் போய்விட்டார்கள்.

"எப்படிப் பிடிப்பாங்க? எங்ககிட்டதான் ஒண்ணுமில்லையே," என்று கேட்டாள் மேவிஸ்.

"கீழ் வீட்டுப் பெரியவருக்கு வர்ற வாடகை உதவியில பிடிச்சுக்குவாங்க."

"ஆல்ஃபா? அவரு என்ன பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணலை. அதனாலதான் நீங்க அவர்கிட்ட வாடகை கேக்கக் கூடாது. அவரு கட்டிட்டதாத்தான் எடுத்துக்கணும்."

"கட்டிட்டதா நெனச்சுக்கறதா?"

"சட்டம் அப்படித்தாங்க."

"நான் நெனச்சுக்கிட்டா பாங்குக்காரனும் நெனச்சுக்குவானா?"

தாடிக்காரர் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வருத்தப்பட்டார். கூரைக் கடனுக்குப் போய்க்கொண்டிருந்ததே ஆல்ஃப் வாடகைதான். அது நின்றால் வீடு போகும். வீடு போனால் க்ளிஃப் கடலில் கழித்த காலத்துக்கு என்று கையில் இருந்த ஒரே பொருள் போகும். மேல்முறையீடு செய்யலாம் என்று அவர் சொன்னார், செய்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேவிஸும் க்ளிஃப்பும் கல்லறைக்குப் பூ வைக்கப் போன நேரம் பார்த்து ஒரு வேன் வந்தது. கிரெய்க் கட்டிலைத் தூக்கி ஏற்றினான். லோரெய்ன் டிவியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தாள். நான் வாசலுக்கு வந்து, "அத்தைகிட்ட சொல்லிட்டியா கண்ணு?" என்றேன்.

"சொல்லிடுவேன் வினி அத்தை."

"எப்போ?"

கிரெய்க் வண்டியைக் கிளப்பிவிட்டான். அவள் சொல்லவில்லை. மாடியைத் திறந்து பார்த்தபோது திரைச்சீலைக் கம்பிகூட இல்லை. அந்தத் திரை மேவிஸ் தைத்தது. பூ வைத்துவிட்டு வந்தது பாலீன் கல்லறைக்கு.

விசாரணைக்கு முன்னால் ஒரு கட்டுக் காகிதம் வந்தது. அதில் லோரெய்ன் கவுன்சிலுக்குக் கொடுத்த வாக்குமூலமும் இருந்தது. க்ளிஃப் கண்ணாடி போட்டு உரக்கப் படித்தான். கிரெய்க் வந்த நாளிலிருந்தே வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும். தெரியும் என்பதற்கு அடையாளம், வாரா வாரம் வெள்ளிக்கிழமை அவருக்கு மீன் கொடுத்து வந்தோம். அவர் வெளியே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பதற்காக அதைக் கொடுத்தோம்.

"திரும்பப் படி," என்றாள் மேவிஸ்.

"மீன் கொடுத்து வந்தோம்..."

"அது இல்ல. அடுத்தது."

படித்தான். மேவிஸ் எழுந்துபோய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். அதில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது. நிரம்பி வழிந்து கையெல்லாம் நனைந்தது.

"இதப் பாரு மேவிஸ்," என்றான் க்ளிஃப். "இது நமக்கு நல்லதுதான். அவகிட்ட இருக்கற ஒரே சாட்சி மீனுதான். மீனே வரலைன்னு சொல்லிடு. மீனுக்கு ரசீதா இருக்கு? தின்னாச்சு, முடிஞ்சாச்சு."

"வினி பாத்திருக்காளே."

"வினி எதைப் பாத்தா? வினி, நீ எதையாவது பாத்தியா?"

"எனக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியறதில்ல," என்றேன். நாற்பது வருஷத்தில் அந்த வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சிரித்த கடைசித் தடவை அதுதான்.

அவளை உட்காரவைத்துப் பழக்கினோம். நான்தான் விசாரணைத் தலைவர். "உங்களுக்கு மீன் வந்ததா?" "எந்த மீன்?" "வெள்ளிக்கிழமை மீன்." "நான் மார்க்கெட்லதான் வாங்குவேன்." சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் காது சிவந்தது. "காதை மூடற மாதிரி தொப்பி போட்டுக்க," என்றான் க்ளிஃப்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் மார்க்கெட்டில் லோரெய்னைப் பார்த்தோம். கறிக்கடை வரிசையில், எங்களுக்கு முன்னால் நின்றாள். பின்பக்கத் தலையைப் பார்த்தே மேவிஸுக்குத் தெரிந்துவிட்டது. வேறு கடைக்குப் போகலாம் என்று நான் முழங்கையைத் தொட்டேன். போக வேண்டும் என்று எனக்கும் அவ்வளவாக இல்லை.

"திரை நீளம் சரியா இருக்கா, புது வீட்டுக்கு?" என்றாள் மேவிஸ்.

லோரெய்ன் திரும்பினாள். முகம் வெளுத்து, உடனே சிவந்தது.

"அத்தை, நானே வரணும்னு இருந்தேன்..."

"வந்து என்ன சொல்றதா இருந்த?"

"அவங்க கூப்பிட்டு உக்கார வெச்சாங்க அத்தை. கேசு போடுவோம்னாங்க. நான் பயந்துட்டேன். கேட்டதுக்கு உள்ளதச் சொன்னேன். உள்ளதுதானே? உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். தெரியாதுன்னு யாரு சொன்னா? வாயை மூடறதுக்குக் கொடுத்தோம்னு சொன்னியே, அது எங்கருந்து வந்துச்சு?"

லோரெய்ன் கறிக்கடைக்காரனைப் பார்த்தாள். அவன் ஈரல் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அது நான் சொல்லல. எழுதிக்கிட்ட பொண்ணுதான், சும்மா இருக்கறதுக்காகக் கொடுத்தீங்களான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"அப்படித்தான் வெச்சுக்கங்களேன்னேன்."

"அப்படித்தான் வெச்சுக்கங்க."

"அத்தை, என்னைப் பாருங்க. என்கிட்ட பிடிச்சா பிள்ளைக்கு ஷூ வாங்க முடியாது. உங்களுக்கு ரெண்டு வீடு இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

"உங்கம்மாவுக்கு நான்தான்டி கடைசி மாசம் கால் பிடிச்சு விட்டேன்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்? ஆயுசுக்கும் நன்றி சொல்லிக்கிட்டே இருக்கணுமா?"

மேவிஸ் கறி வாங்காமலே திரும்பினாள். பின்னால் ஒரு குரல், "ஓனரம்மா பாடு அப்படி, என்ன பண்றது," என்றது. யார் சொன்னது என்று நான் திரும்பிப் பார்த்தேன். மேவிஸ் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வந்து ஷெர்ரி குடித்துவிட்டுப் போகிறவள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கூரை ஒழுகினால் எல்லாரும் வாளியோடு ஓடிவருவார்கள். இரண்டாவது வீடு ஒழுகினால் அது திமிருக்கு ஒழுகுகிறது என்று கணக்கு.

விசாரணை நூலகத்துக்கு மேலே ஒரு அறையில். ஹீட்டர் வேலை செய்யவில்லை. கோட்டைக் கழற்றாமல் எல்லாரும் ஏதோ ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தோம். தலைவர் மெலிந்த மனிதர், நிதானமானவர். கவுன்சில் பக்கம் ஒரு பெண், கடுமையான சளி, மூக்கைச் சிந்தும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டாள். லோரெய்ன் வரவில்லை. மேவிஸ் தொப்பி போட்டிருந்தாள். க்ளிஃப் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில், நான் பின்னால்.

முதல் அரைமணி நேரம் நன்றாகவே போனது. மாடிப்படி தனி. மாடிக்கு நான் போறதில்ல. பூட்ஸா? டாக் ஊருங்க, எந்தப் படியில பூட்ஸ் இல்ல? தலைவர் லேசாகச் சிரித்துக் குறித்துக்கொண்டார். கவுன்சில் பெண்ணுக்கே அலுத்துவிட்டது தெரிந்தது.

"இந்த மீன் விஷயம்," என்றார் தலைவர். "வாக்குமூலத்துல இருக்கே. உங்களுக்கு வெள்ளிக்கிழமை மீன் வந்துச்சா?"

"நான் மார்க்கெட்லதான் வாங்குவேன்," என்றாள் மேவிஸ். தொப்பி நன்றாக உதவியது.

க்ளிஃப்பின் தோள் இறங்கியது. எனக்கும் நெஞ்சு லேசானது. தலைவர் அடுத்த தாளைத் திருப்பினார். அப்போதுதான் அந்தச் சளிப் பெண், வேலையை முடித்துக்கொள்கிற குரலில், கடைசியாக ஒன்று கேட்டாள்.

"அப்போ, வாயடைக்க உங்களுக்கு மீன் கொடுத்தாங்கன்னு அவங்க சொன்னது பொய். அப்படித்தானேங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் இத்தனை நாள் பழக்கினோம். மேவிஸ் வாயைத் திறந்தாள். மூடினாள். மடியில் கிடந்த கையை எடுத்து மேசை மேல் வைத்தாள். முடிச்சு விழுந்த அந்த விரல்களைத் தலைவரும் பார்த்தார்.

"வாயடைக்கக் கொடுத்ததுன்னு சொன்னது பொய்," என்றாள்.

"சரி."

"மீன் கொடுத்தது பொய் இல்ல."

க்ளிஃப் கண்ணை மூடிக்கொண்டான்.

"மேடம், அந்தப் பையன் எனக்கு மீன் கொடுத்தான். வாரா வாரம் கொடுத்தான். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கறது எங்க வழக்கம். நானும் பாலீனும் வேலைக்குப் போன காலத்துல நாங்களும் கொடுத்திருக்கோம். யாரு வாயையும் யாரும் மூடல. எனக்கு வாயை மூடறதுக்கு மீன் எதுக்கு? மீன் வரலைன்னாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பொண்ணு என் கண்ணு முன்னால பொறந்தது. அவளைப் பத்தி உங்களுக்கு எழுதுவேனா? அதை மீனைக் கொடுத்து வாங்கினதாச் சொல்றாளே, அதை மட்டும் அடிச்சிடுங்க. மத்ததெல்லாம் இருக்கட்டும்."

தலைவர் பேனாவை வைத்துவிட்டார்.

"அம்மா, நீங்க சொல்றது உங்களுக்குப் புரியுதா? அவரு அங்க குடியிருந்தது தெரியும்னு சொல்றீங்க."

"தெரியாம எப்படிங்க மீனை வாங்கித் தின்னேன்?"

கவுன்சில் பெண் மூக்கைச் சிந்தினாள். இந்தத் தடவை மன்னிப்புக் கேட்கவில்லை. குனிந்துகொண்டே இருந்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது க்ளிஃப் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தான். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. டாக் நிறுத்தத்தில் வெள்ளைக் கோட்டுப் பெண்கள் நாலு பேர் ஏறினார்கள். பஸ் முழுக்க மீன் வாசனை. அவர்கள் இறங்கிய பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

"ஒரு வார்த்தை, மேவிஸ். ஒரே ஒரு வார்த்தை."

"தெரியும்."

"வீடு போச்சு."

"தெரியும் க்ளிஃப்."

நாலு நிறுத்தம் போனது.

"நல்ல மீனுதான்," என்றான்.

தீர்ப்பு தபாலில் வந்தது, நாங்கள் எதிர்பார்த்ததுதான். அதில் ஒரு வரி சேர்த்திருந்தார் அந்தத் தலைவர். மீன் லஞ்சமாகக் கொடுக்கப்பட்டது என்பதை நான் ஏற்கவில்லை, அது அக்கம்பக்கத்து வழக்கம் என்று. மேவிஸ் அந்த வரியை என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். அந்த வரிக்கு அவள் கொடுத்த விலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த மாதமே ஆல்ஃப் வாடகை நின்றது. ஆல்ஃபுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். கிழவர் கோட்டைப் போட்டுக்கொண்டு, மேவிஸ் வீட்டு வாசலில் வந்து நின்று, காது கேட்காதவர் பேசுகிற சத்தத்தில் தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார்.

"நான் வாடகை தரலையாமே?"

"நீங்க கொடுத்துட்டீங்க ஆல்ஃப்."

"யாருக்கு?"

"எனக்கு."

"உனக்கு வந்துச்சா?"

"வரல."

"அப்போ எப்படிக் கொடுத்தேன்?"

"சட்டப்படி கொடுத்துட்டீங்க. போய் டீ குடிங்க."

"நான் இந்த வயசு வரைக்கும் ஒருத்தனுக்கும் பாக்கி வெச்சதில்ல! என்னை இப்படிக் கேவலப்படுத்திட்டாளே," என்று அவர் என் ஜன்னலைப் பார்த்து முறையிட்டார். அன்றிலிருந்து மேவிஸோடு பேசுவதில்லை. அவளால் ஒரு பைசா நஷ்டப்படாத ஒரே மனிதருக்குத்தான் அவள் மேல் அதிகக் கோபம்.

வசந்தத்தில் இரண்டாவது வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டார்கள். க்ளிஃப் தானே குழி தோண்டிக் கொடுத்தான். வந்த ஆள் சரியாக ஆழம் எடுக்கவில்லையாம். தெருவில் எல்லாரும் அந்தப் பலகையைக் கடக்கும்போது கொஞ்சம் வேகமாக நடந்தார்கள். வெள்ளிக்கிழமைப் பொட்டலங்களும் குறைந்துபோயின. கொடுக்கிறவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மாட்டினான். வாங்குகிறவள் அவசரமாக உள்ளே இழுத்தாள். மீனுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பலகை நட்ட வாரம் வெள்ளிக்கிழமை, காற்று ஓய்ந்த ஒரு மத்தியானம், நான் ஜன்னலில் இருந்தேன். கிரெய்க் வந்தான். தனியாக. வெள்ளை பூட்ஸோடு, ஷெட்டிலிருந்து நேராக. மேவிஸ் வீட்டுக் குமிழில் பொட்டலத்தை மாட்டினான். ஜன்னலில் இரண்டு தட்டு தட்டினான். எங்கள் ஊர்க்காரன் செய்யாததை அன்று செய்தான், நின்றான். பலகையைப் பார்த்தான். தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தான். கதவு திறக்கவில்லை. வலைத்திரைக்குப் பின்னால் அவள் நிற்பது எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்திருக்கும். ரொம்ப நேரம் கழித்துப் போனான்.

அப்புறம் கடல்காகம் ஒன்று வந்தது. அது கூப்பிட்டு இன்னும் மூன்று. பையைக் கொத்திக் கிழித்தன, வெள்ளைத் தாள் படியெல்லாம் பறந்தது, மீன் விழுந்தது. ஓடிப்போய் விரட்டியிருக்கலாம். மேவிஸ் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் யார் விரட்ட? துண்டு துண்டாக, கழுத்தை நீட்டி நீட்டி, அவை அப்படியே விழுங்கின. ஒரு முள்ளைக்கூட எதுவும் துப்பவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு கதவு திறந்தது. மேவிஸ் வாளி வெந்நீரும் ப்ளீச்சுமாக வந்து, மண்டி போட்டு, படியைத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் தெருவைக் கடந்துபோய் நின்றேன்.

"கிரெய்க் வந்தான் போல," என்றேன்.

"அப்படியா?"

"மீன் கொண்டுவந்தானே."

மேவிஸ் பிரஷ்ஷை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். தொப்பி இல்லை. காது கொஞ்சமும் சிவக்கவில்லை.

"எந்த மீன்?" என்றாள்.